பட்டை ஏன் இரண்டு ஜாடியில் இருக்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பட்டை பட்டைதானே, விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்று பலரும் கேட்கிறீர்கள். பில் போடும் அவசரத்தில் நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

இரண்டும் வேறு வேறு மரங்கள். பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டை சீனா, வியட்நாம், இந்தோனேசியா பக்கத்து மரங்களுடையது. விலை கூடியது இலங்கைக் கறுவா. ஒரு குச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு சுருட்டு மாதிரி இருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும்.

விலை ஏறுவது கைவேலையால்தான். இளந்தண்டுகளை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைத் தடியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அப்போதுதான் உள்பட்டை கட்டையை விட்டுக் கழலும். கத்தி சற்றுப் பிசகினால் பட்டை கிழிந்து தரம் இறங்கிவிடும். பிறகு ஒன்றுக்குள் ஒன்று செருகி நிழலில் காயப்போடுவார்கள். 'அல்பா' என்ற உயர்ந்த தரத்தில் குச்சியின் பருமன் 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

பட்டை எங்கே விளைகிறது என்பது மேற்கு நாடுகளுக்கு வெகுகாலம் தெரியாது. அரபு நாட்டில் பெரிய பறவைகள் பட்டைக் குச்சிகளால் மலை முகட்டில் கூடு கட்டுமாம். கீழே மாட்டிறைச்சித் துண்டங்களைப் போட்டால் அவை தூக்கிப் போகுமாம். கனம் தாங்காமல் கூடு சரிய, ஆட்கள் ஓடிப்போய்ப் பொறுக்குவார்களாம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் ஹெரோடோட்டஸ் இப்படி எழுதி வைத்தார். விலையை ஏற்றக் கட்டிய கதைகள் இவை என்று பின்னாளில் ரோமானியர் பிளினி சொன்னார். அவர் சொன்னதுதான் சரி.

கறுவா விளையும் மண்ணுக்கு அதனால் கிடைத்தது துயரம். போர்த்துகீசியர் வந்தார்கள். 1656இல் கொழும்பு டச்சுக்காரர் கைக்குப் போனது. சலாகம சமூகத்தார் காட்டுக்குப் போய்ப் பட்டை உரித்துக் கொடுப்பது கட்டாய ஊழியம். விற்கும் உரிமை டச்சு வணிகக் கும்பினிக்கு மட்டும்தான்; அதற்குத் தெரியாமல் விற்றால் மரண தண்டனை வரை உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் 1833இல்தான் அந்த ஏகபோகம் ஒழிந்தது. கொழும்பில் டச்சுக்காரர் கறுவா பயிரிட்ட இடத்துக்கு இன்றும் கறுவாத்தோட்டம் என்றுதான் பெயர்.

இனி சமையலுக்கு வருவோம். பிரியாணிக்கும் குருமாவுக்கும் தடித்த பட்டையே போதும், அதன் காட்டம்தான் அங்கே எடுபடும். இலங்கைக் கறுவா வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். ஆனால் தினமும் பட்டைத் தூளை வெந்நீரிலோ டீயிலோ போட்டுக் குடிப்பவர்கள் கறுவாவையே வாங்குங்கள். தடித்த பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினசரி மிகுதியாக உள்ளே போனால் சிலருக்கு ஈரல் கெடும். கறுவாவில் அது மிகச் சொற்பம். ஏற்கெனவே ஈரல் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தினமும் குடிக்காதீர்கள்.

தூளாகிவிட்டால் எது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஆகவே அடுத்த மாதத்திலிருந்து நம் கடையில் பட்டைத் தூள் பாக்கெட் கிடையாது. எந்தப் பட்டை வேண்டும் என்று சொல்லுங்கள், உங்கள் கண்ணெதிரே அரைத்துத் தருகிறோம். இரண்டு ஜாடியிலும் மரத்தின் பெயரும் வந்த நாடும் எழுதி ஒட்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் மளிகைக் கடையார்