கேரவன் வண்டிகள் இரவு தங்க நம் இரு மாவட்டங்களிலும் இடம் ஒதுக்குங்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும் தமிழ்நாடு சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கேரவன் என்றால் நம் பகுதியில் பலருக்கும் ஒகேனக்கல் படப்பிடிப்புக்கு வரும் நடிகர்களின் ஓய்வு வண்டிதான் நினைவுக்கு வரும். படுக்கை, சமையல் மேடை, குளியலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த அத்தகைய வண்டியைச் சாதாரணக் குடும்பமும் வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றலாம் என்பது சென்ற ஆண்டு வரை எனக்கும் தெரியாது. ஆனி மாதத்தில் மூன்று இரவுகள் அப்படி ஒரு வண்டியில் நம் இரு மாவட்டங்களையும் சுற்றி வந்தோம். அதில் கண்ட நன்மையையும் பட்ட சிரமத்தையும் சொல்லி, ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இதை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு வயது 74. இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். வெளியூர்ப் பயணம் என்று பேச்செடுத்தாலே, கோயிலையோ அருவியையோ பற்றிக் கேட்கமாட்டார்; போகிற வழியில் உட்கார்ந்து எழத் தோதான கழிப்பறை இருக்குமா என்றுதான் முதலில் கேட்பார். பேருந்தில் அதற்கு வழியில்லை. காரில் போனாலும் உணவகம் உணவகமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். முன்பணம் கட்டிப் போய் இறங்கிய ஒரு விடுதியில், லிஃப்ட் பழுது என்று சொல்லி இரண்டாம் மாடியில் அறை கொடுத்தார்கள். அன்றோடு வெளியூர் வேண்டாம் என்று முடிவெடுத்தவர், நான்கு ஆண்டுகள் பாலக்கோட்டைத் தாண்டவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி இந்த வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, உள்ளே இருந்த கழிப்பறையைத் திறந்து காட்டிய பிறகுதான் அம்மா புடவைகளை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

ஓசூர் அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு, முதல் இரவு கிருஷ்ணகிரி அணைப் பக்கம், தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் வண்டியை நிறுத்தினோம். விடியற்காலையில் நான் கண்விழித்தபோது அம்மா சமையல் மேடை ஓரமாக இருக்கையில் அமர்ந்து ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தார். களியின் ஆவி படிந்து கண்ணாடி முழுக்க வெளுத்திருந்தது. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத ஒருவருக்குத் தன் கையால் சமைத்ததைத் தன் நேரத்தில் உண்ண முடிகிற பயணம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அன்று அவர் முகத்தில் பார்த்தேன்.

மறுநாள் ஒகேனக்கல் போவதாக இருந்தோம். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடிவிட்டதால் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தடை என்ற செய்தி வழியிலேயே கிடைத்தது. கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் நீர் திறந்தால் இப்படி நேர்வது நமக்குப் புதிதல்ல. அறை பதிவு செய்திருந்தால் பணம் போயிருக்கும். அல்லது பணம் போகிறதே என்று வெறும் அறையில் உட்கார்ந்திருப்போம். எங்கள் படுக்கையும் சமையலறையும் எங்களோடே வந்ததால், அரூர்ப் பக்கம் திரும்பித் தீர்த்தமலைக்குப் போய்விட்டோம். அம்மாவால் மலையேற முடியாது. நாங்கள் ஏறி இறங்கும் வரை, அடிவாரத்தில் வண்டிக் கதவைத் திறந்துவைத்துப் படுக்கையில் சாய்ந்தபடி மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

சிரமம் அன்றிரவு தொடங்கியது. தருமபுரி புறவழிச்சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். இரவு நிறுத்த அனுமதியில்லை என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையோரத்தில் பெண்களும் முதியவரும் உறங்குவது பாதுகாப்பில்லை என்பதால், கடைசியில் ஒரு திருமண மண்டபத்துக்காரரிடம் கேட்டு, அவருடைய வளாகத்தில் இரவைக் கழித்தோம். அதைவிட வருத்தமானது ஒன்று உண்டு. இவ்வண்டிகளில் குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீருக்கு ஒரு தொட்டியும் கழிப்பறைக் கழிவுக்கு வேறொரு தொட்டியும் இருக்கும். இரண்டாம் நாளே கழிவுத் தொட்டி முக்கால்வாசி நிறைந்துவிட்டது. அதை முறையாகக் காலி செய்ய இரு மாவட்டங்களிலும் எங்களுக்கு ஓரிடம் அகப்படவில்லை. ஏரியிலோ ஓடையிலோ திறந்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை, வரவும் கூடாது. தொட்டி நிரம்பிவிடுமே என்று அம்மா யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் நாள் மாலை அவர் உதடு காய்ந்திருந்ததைப் பார்த்துக் கேட்டபோதுதான் சொன்னார்.

இந்த வகைப் பயணம் எல்லாருக்கும் ஏற்றது என்று நான் வாதிடவில்லை. இருவர் மட்டும் போவதென்றால் விடுதி அறையே மலிவு. வண்டி டீசலை நிறையக் குடிக்கும். குறுகிய ஊர்த் தெருவில் நுழையாது. ஆனால் முதியவர், கைக்குழந்தை, நோயாளி உள்ள ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்கு இதற்கு இணை இல்லை. இது நமக்கு அந்நியமான பழக்கமும் அல்ல. ஆடிப்பெருக்குக்குக் கூண்டு வண்டியில் அரிசி, பருப்பு, பாத்திரத்தோடு காவிரிக்கரைக்குப் போய்ப் பொங்கித் தின்று வந்தவர்களின் பிள்ளைகள்தாம் நாம். இன்றும் வேனில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கோயில் சுற்றுகிறோம்.

தமிழ்நாடு அரசு 2023இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவும் முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. கேரளம் 2021லேயே இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்து, வண்டிகள் நிற்கும் பூங்காக்களுக்கும் வழி செய்தது. சென்னை, பெங்களூர் சாலையும் கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலையும் சந்திக்கும் கிருஷ்ணகிரியைவிட இதற்குப் பொருத்தமான இடம் மாநிலத்தில் எது? அவ்வளவு வண்டிகளும் நம்மிடம் சுங்கக் கட்டணம் செலுத்த மட்டும் நின்றுவிட்டுப் போய்விடுகின்றன.

ஆகவே, கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்கு வெளியே ஓரிடமும் பென்னாகரத்தில் ஓரிடமும், தொடக்கத்தில் பத்துப் பத்து வண்டிகள் நிற்கும் அளவுக்கு ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன். பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். சமதளமான தரை, குடிநீர்க் குழாய், வண்டிக்கொரு 16 ஆம்பியர் மின் இணைப்பு, இரவு முழுதும் விளக்கு, ஒரு காவலர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிவுத் தொட்டியைக் காலி செய்து சுத்திகரிப்புக்கு அனுப்பும் வசதி ஆகியவை போதும். கட்டணம் வசூலியுங்கள், மகிழ்ச்சியோடு கொடுப்போம். ஒகேனக்கல்லிலேயே என்று கேட்காமல் பென்னாகரம் என்று கேட்பதற்குக் காரணம், அதற்குக் கீழே செல்லும் மலைப்பாதை யானைகள் நடமாடும் காட்டின் ஊடே போவதுதான். 2014இலும் 2022இலும் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, தெற்கு சரணாலயப் பகுதிகளில் இரவில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. பென்னாகரத்திலிருந்து பகலில் சிறு பேருந்தில் அருவிக்குப் போய் வரலாம். கரையில் மீன் சமைத்துத் தரும் பெண்களுக்கும் பரிசல் ஓட்டிகளுக்கும் அதனால் வருமானம் குறையாது.

இன்னொன்றையும் பரிசீலிக்க வேண்டுகிறேன். பிரான்சில் 1993 முதல், திராட்சைத் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் தங்கள் நிலத்தில் இவ்வகை வண்டிகள் ஓரிரவு இலவசமாக நிற்க இடம் தருகிறார்கள். தங்குகிறவர்கள் விரும்பினால் அங்கேயே விளைந்ததை வாங்கிக்கொள்கிறார்கள். நாங்கள் தங்கிய மாந்தோப்பிலும் அதுவே நடந்தது. கிளம்பும்போது செந்தூராவும் மல்கோவாவுமாக இரண்டு கூடை வாங்கினோம். மாங்கூழ் ஆலைகள் சொல்லும் விலைக்குக் காத்திருக்கும் விவசாயிக்குத் தோப்பு வாசலிலேயே கையில் பணம் கிடைத்தது. விருப்பமுள்ள தோப்புக்காரர்கள் பதிவு செய்துகொள்ள எளிய நடைமுறை ஒன்றைத் தோட்டக்கலைத் துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து வகுத்தால் அரசுக்குப் பெரிய செலவு வராது.

வரும் ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் கால் நனைக்க வேண்டும் என்று அம்மா இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். அதற்குள் பென்னாகரத்தில் அந்த ஓரிடமாவது தயாராக வேண்டும் எனத் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாலக்கோட்டிலிருந்து ஒரு குடிமகள்