பால் பெட்டியை மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கண்டக்டர் அண்ணனுக்கு

பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். காரைக்குடியில் எங்களைத் தெரிந்த எல்லாருக்கும் என்ன நடந்தது என்று தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஆனால் நன்றியைத் தள்ளிப்போட்டால் அது சொல்லாமலே போய்விடும்.

குறைமாதத்தில் பிறந்தபோது அவள் 1,100 கிராம். நான் இங்கே எழுந்து உட்காரவும் முடியாமல் கிடந்தேன், அவள் மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள். சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் ரத்தக்குழாய் வழியாகவே போய்க்கொண்டிருந்தன. கொழுப்பு மட்டும் தனி சிரிஞ்சில் வெள்ளை வெளேரென்று இருக்குமாம். அதைப் பார்த்துவிட்டு "பாலை ஏன் ஊசியில் ஏற்றுகிறார்கள்?" என்று என் வீட்டுக்காரர் போனில் பதறினார்.

உண்மையான பால், வாய் வழியாக வயிற்றுக்குள் விட்ட மெல்லிய குழாயில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மில்லி. அவ்வளவுதான். இலையில் இடம் தெரியாமல் பரிமாறுகிற ஊர் இது. இங்கே போய் ஒரு மில்லி என்றால் யாருக்குப் புரியும்? "இந்த ஒரு மில்லிக்கா தினமும் மதுரைக்கு ஓட்டம்? பவுடரைக் கரைத்துக் கொடுக்கச் சொல்லலாமே" என்று நேரிலேயே கேட்டார்கள். டாக்டர் சொன்னது வேறு. அந்த ஒரு மில்லி பசிக்கு இல்லை, குடலுக்கு. வேலையில்லாமல் கிடந்தால் குடலின் உள்சவ்வு மெலிந்துபோகும். குறைமாதப் பிள்ளைகளின் குடலையே அழுகவைக்கிற நோய் ஒன்றும் இருக்கிறது, தாய்ப்பால் கிடைத்தால் அந்த ஆபத்து குறையும். அதனால் எத்தனை சொட்டு கிடைத்தாலும் அனுப்புங்கள் என்றார்.

அனுப்புவது எப்படி? ராத்திரியெல்லாம் பீச்சிய பாலை, ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்ன டப்பாக்களில் பேரும் நேரமும் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து என் கொழுந்தன் பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அங்கேதான் கண்டக்டர் அண்ணன்.

"என்னப்பா, மீனா?" என்று கேட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சு இல்லை. கொழுந்தன் வண்டிக்குள் முன்னால் வைக்கப்போக, "இஞ்சின் பக்கம் வேணாம், சூடு ஏறிரும்" என்று வாங்கித் தன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். இது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. லக்கேஜ் டிக்கெட்டுக்கு நீட்டிய காசையும் வாங்கவில்லை. மாட்டுத்தாவணியில் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, காலி டப்பாக்களை எடுத்துக்கொண்டு திரும்புவார். அவருக்கு டியூட்டி இல்லாத நாளில் அடுத்த கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார். அப்புறம் அந்த வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் அது 'பால் பெட்டி' ஆகிவிட்டது.

ஒரு நாள் மேலூருக்கு இந்தப் பக்கம் டயர் வெடித்து வண்டி நின்றுவிட்டது. நல்ல வெயில். பயணிகள் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கி, பின்னால் வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, அதில் முதலில் பெட்டியை ஏற்றிவிட்டுத்தான் ஆட்களை ஏற்றியிருக்கிறார். அதோடு என் வீட்டுக்காரருக்குப் போன்: "தம்பி, எங்க வண்டியப் பாத்துக்கிட்டு நிக்காதீக. பின்னால வந்த வண்டியில பெட்டி வருது, கண்டக்டர் கையிலயே குடுத்திருக்கேன். ஐஸ் உருகல, தொட்டுப் பாத்துட்டேன்."

ஐஸ் உருகவில்லை என்று தொட்டுப் பார்த்த அந்தக் கையை நான் இன்னும் பார்த்ததில்லை.

எதற்கு இவ்வளவு பாடு என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: "இன்னைக்கு எத்தனை மில்லி?" சொந்தக்காரர்கள் எடையைக் கேட்டார்கள், செலவைக் கேட்டார்கள், யார் ஜாடை என்று கேட்டார்கள். மில்லியைக் கேட்டவர் அவர்தான். நடுவில் வயிறு உப்பிப் பாலை நிறுத்திவைத்தபோது, "நிப்பாட்டுனா என்ன, நீங்க பெட்டிய அனுப்புங்க, ஃப்ரிட்ஜில வச்சிருக்கட்டும்" என்றாராம். பத்து மில்லி ஆன அன்று டிரைவரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

மற்ற எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கையால் பீச்சுவது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த நர்ஸ் அக்கா, என் சீம்பாலின் முதல் சொட்டுகளைப் பஞ்சில் நனைத்து பாப்பாவின் கன்னத்துக்குள் தடவிவிட்ட மதுரை நர்ஸ்கள், பாலில் சத்துப்பொடி எவ்வளவு கலப்பது என்று தினமும் கணக்குப் போட்ட டயட்டீஷியன் மேடம், கரண்ட் போனபோதெல்லாம் ஐஸ் பேக்குகளைத் தன் ஃப்ரீசரில் வைத்துக்கொண்ட ஐஸ்கிரீம் கடைக்காரர், டப்பாக்களைக் கொதிக்கவைத்துக் கொடுத்த எதிர்வீட்டு ஆச்சி, பெட்டகத்தைத் திறந்து வெள்ளிச் சங்கை எடுத்துத் தந்த அப்பத்தா, பணம் அனுப்பியவர்கள், பிள்ளையார்பட்டியில் வேண்டிக்கொண்டவர்கள், எல்லாருக்கும் நன்றி.

பேர் தெரியாத சில தாய்மார்களையும் இதில் சேர்க்க வேண்டும். எனக்குப் பால் சுரக்காத ஆரம்ப நாட்களில் தாய்ப்பால் வங்கியிலிருந்து வந்தது அவர்களுடைய பால். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர்களிடம் மட்டும் வாங்கி, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, ஆறவைத்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். இப்போது பாப்பா குடித்தது போக எனக்கு மிஞ்சுகிறது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டேன். முடிவு சரியாக வந்தால், சுரக்கிற வரைக்கும் கொடுப்பதாக இருக்கிறேன். இதை ஊரறியச் சொல்வதற்குக் காரணம், நாளைக்கு நான் சோம்பல்பட்டால் நீங்கள் கேட்க வேண்டும்.

அடுத்த வாரம் பாப்பாவுக்குக் கண் பரிசோதனை, மதுரைக்குப் போகிறோம். கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் காரில்தான் போக வேண்டும். ஆனால் கண்டக்டர் அண்ணனின் டியூட்டி நேரத்தைக் கொழுந்தன் விசாரித்து வைத்திருக்கிறான். பஸ் ஸ்டாண்டு வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடி வழியாகவே அவளைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று இருக்கிறோம். அவர் கண்டிப்பாகக் கேட்பார். மூன்று மணி நேரத்துக்கு 35 மில்லி அண்ணே, குழாய் இல்லை, சங்கில்தான்.