அடிப்படை எங்கே போயிற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலை அறிவியல் கல்லூரிகளின் கணிதத் துறைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற ஞாயிற்றுக்கிழமை வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். கட்டுரையாளர் சிரமப்பட்டுச் செய்தி திரட்டியிருக்கிறார். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பெயர் குறிப்பிடப்படாத பேராசிரியர் ஒருவர் சொன்னதாக நடுவில் ஒரு வரி வருகிறது: "அடிப்படையே இல்லாத பிள்ளைகள் கணிதத்தை எடுத்துவிட்டு, பிறகு அரியர் வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள்." அந்த வரியைத் தங்கள் அலுவலகத்தில் யாரோ பெரிய எழுத்தில் கட்டம் கட்டியும் போட்டிருக்கிறார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் தருமபுரி மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணிதம் கற்பித்து 2015இல் ஓய்வுபெற்றவன் நான். அந்தக் கட்டத்துக்குள் என்னையும் நிறுத்தி வைத்ததாகவே எனக்குப் பட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய அப்பா தக்காளி மண்டியில் சுமை ஏற்றுபவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை அவள்தான். பி.எஸ்சி. கணிதத்தை யாரும் அவள் தலையில் கட்டவில்லை, அவளே விரும்பிக் கேட்டுச் சேர்ந்தாள். முதல் பருவத்து இன்டர்னல் தேர்வுத் தாளை ஒருநாள் மாலை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். இரு சார்புகளின் பெருக்கலை அடுத்தடுத்து வகையிடும் லைப்னிட்ஸ் தேற்றக் கணக்கில் முழுப் பக்கத்தையும் அடித்து, கீழே சிவப்பு மையில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்கள்: பேசிக்ஸ் புவர். எந்த பேசிக்ஸ் என்று அந்தத் தாளில் ஒரு குறிப்பும் இல்லை.

நான் அவளைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்தேன். பெருக்கல் விதி நன்றாகவே தெரிந்திருந்தது. தேற்றத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் முன்னால் வரும் எண்கள், அதாவது ஈருறுப்புக் கெழுக்கள், எங்கிருந்து முளைத்தன என்பதுதான் தெரியவில்லை. அவள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது அவளுடைய பள்ளியில் கணித முதுகலை ஆசிரியர் பணியிடம் அரையாண்டுத் தேர்வு வரை காலியாக இருந்ததாம். அதற்குப் பிறகு வந்தவர் தேர்வுக்குத் தேவையானதை மட்டும் ஓட்டமாக நடத்தி முடித்திருக்கிறார். சேர்ப்பியலும் ஈருறுப்புத் தேற்றமும் அந்த ஓட்டத்தில் விடுபட்டவை. தேற்றத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, ஒரு பெருக்கலை மூன்று முறை கையாலேயே வகையிட்டு, ஒரே மாதிரியான உறுப்புகளைக் கூட்டச் சொன்னேன். ஒன்று, மூன்று, மூன்று, ஒன்று என்று கெழுக்கள் வந்தன. நான்காம் முறைக்கு ஒன்று, நான்கு, ஆறு, நான்கு, ஒன்று. மேல் வரிசையின் அடுத்தடுத்த இரு எண்களைக் கூட்டிக் கீழ் வரிசையை எழுதும் பாஸ்கல் முக்கோணத்தைப் பக்கத்தில் வரைந்து காட்டியதும், "இது நான் கூட்டினதேதானே தாத்தா" என்று கேட்டாள். ஆம், அவள் கூட்டியதேதான். சிவப்பு மை கண்ட அந்தப் பெருங்குறையை அடைக்க, விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து இரவுச் சாப்பாடு வரையிலான பொழுது போதுமானதாக இருந்தது.

அடிப்படை எங்கே என்று கேட்கும் பேராசிரியருக்கு அதன் முகவரியை என்னால் சொல்ல முடியும். நமது பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்புக் கணித நூலில் இரண்டாம் பாடத்தின் பெயரே 'அடிப்படை இயற்கணிதம்'. கணங்கள், தொடர்புகள், சார்புகள், முக்கோணவியல், கணிதத் தொகுத்தறிதல், எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் ஆகிய அனைத்தும் அந்த நூலில் வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு நூலின் பொருளடக்கத்தைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள்: அணிகளின் பயன்பாடுகள், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள். முதலாம் ஆண்டில் கற்காத ஒன்றை மறு ஆண்டில் எப்படிப் பயன்படுத்துவது என்பதை அந்தப் பேராசிரியர்தான் விளக்க வேண்டும்.

அந்தப் பதினோராம் வகுப்பை நாம் என்ன பாடு படுத்தினோம் என்பது தாங்கள் அறியாததல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்களின் தனியார் உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் மாவரைப்பது போல் அரைத்தார்கள். அப்படி அரைத்துப் பெற்ற மதிப்பெண்களைப் பிள்ளைகளின் படங்களோடு ஒவ்வொரு மே மாதமும் நாளிதழ்கள் முழுப்பக்க விளம்பரங்களாக வெளியிட்டன. தங்கள் இதழும் விலக்கல்ல. அத்தகைய பள்ளி ஒன்றில் படித்த என் உறவினர் மகன், கணிதத்தில் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கிப் பொறியியலில் சேர்ந்து, முதல் பருவக் கணிதத் தாளிலேயே தவறினான். அவனுடைய பதினோராம் வகுப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

2018இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தபோது, இனியாவது அந்தப் புத்தகத்தைத் திறப்பார்கள் என்று நான் மகிழ்ந்தேன். அதே ஆண்டிலேயே, உயர்கல்விச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்று அறிவித்துவிட்டார்கள். இப்போது 2025-26 கல்வியாண்டு முதல் தேர்வே இல்லை. பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைப்பதற்காக என்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேர்வு இல்லாத பாடத்துக்கு நம் ஊரில் என்ன மரியாதை கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும், தங்களுக்கும் தெரியும், அந்தப் பேராசிரியருக்கும் தெரியாமல் இருக்காது.

என் காலத்தில் புகுமுக வகுப்பு என்று ஒன்று இருந்தது. பள்ளிப் படிப்புக்கும் பட்டப் படிப்புக்கும் நடுவே, கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஓர் ஆண்டு. கிளார்க் அட்டவணையைப் புரட்டி மடக்கை பார்ப்பதிலிருந்து கல்லூரி ஆசிரியர்களே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததும் அந்த ஆண்டு பள்ளிக்குப் போய்விட்டது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை, அதனால்தானே எனக்கு வேலையே கிடைத்தது! ஆனால் அடிப்படையைச் சொல்லிக்கொடுப்பது தம் வேலையல்ல என்ற எண்ணமும் அன்றிலிருந்துதான் கல்லூரிகளில் வேரூன்றியது என்பது என் கருத்து.

அந்தப் பெண்ணின் பாடத்திட்டப் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தாளுக்கும் 'முன்தேவை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வகை நுண்கணிதத்துக்கும் முக்கோணவியலுக்கும் மட்டுமல்ல, மூன்றாம் ஆண்டு மெய்யெண் பகுப்பாய்வுக்கும்கூட அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பது ஒன்றே: பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம். ஜாதகப் பொருத்தத்தில் எல்லாக் கட்டத்துக்கும் 'உத்தமம்' என்று எழுதிக் காசு வாங்கும் சோதிடர்தான் நினைவுக்கு வந்தார். பட்டப் படிப்பில் வரும் தலைகீழ் லாப்லாஸ் மாற்றுக்குப் பகுதிப் பின்னங்கள் வேண்டும், அவை நான் மேலே சொன்ன 'அடிப்படை இயற்கணிதம்' பாடத்தில் இருக்கின்றன. குலக் கோட்பாட்டுக்குள் நுழையச் சமானத் தொடர்பும் இருபுறச் சார்பும் வேண்டும், அவை அதே நூலின் முதல் பாடத்தில் இருக்கின்றன என்று எழுத எத்தனை வரி ஆகும்? முதலாம் ஆண்டு நுண்கணிதத்தில் அரியர் வைத்திருப்பவர், அதே அரியரோடு அடுத்த ஆண்டு வகைக்கெழுச் சமன்பாடுகள் வகுப்பில் உட்காருகிறார்; அவரைத் தடுத்து நிறுத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனெனில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பருவம் நின்ற பெண் பிள்ளைக்கு அடுத்த பருவத்துக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள், ஆண் பிள்ளை ஓசூர்க் கம்பெனி வேனில் ஏறிவிடுவான். அந்த முன்தேவையை மாலையில் ஒரு மணி நேரமாவது சொல்லிக்கொடுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்பதே என் கேள்வி.

வேதியியல் பிரிவில் சேரும் உயிரியல் குரூப் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் கணிதமே படிக்காத அவர்களுக்கு, கல்லூரியில் நுழைந்ததும் அல்லைடு மேத்ஸ் என்ற துணைப்பாடமாகத் தொகையிடலைக் கையில் கொடுக்கிறார்கள். மாதம் தோறும் வரும் புதுமைப் பெண் திட்டத்து ஆயிரம் ரூபாயை அப்படியே டியூஷனுக்குக் கொடுக்கும் பெண்களை நான் அறிவேன்.

பள்ளிப் பாடத்தையும் கல்லூரிப் பாடத்தையும் இணைக்கும் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்துகிறோமே என்று சொல்வார்கள். நடத்துகிறார்கள். அந்தப் பெண் சேர்ந்த கல்லூரியிலும் ஐந்து நாள் நடந்தது. முதல் நாள் குத்துவிளக்கேற்றம். இரண்டாம் நாள் தன்னம்பிக்கைப் பேச்சாளர். மூன்றாம் நாள் ஆளுமை வளர்ச்சி. நான்காம் நாள் கல்லூரி விதிமுறைகள். ஐந்தாம் நாள் சான்றிதழ் வழங்கிப் புகைப்படம். அந்தப் புகைப்படம் தங்கள் மாவட்டப் பக்கத்திலேயே வந்தது. ஐந்து நாளில் ஒரு கணக்காவது பலகையில் போட்டார்களா என்று கேட்டேன். பேச்சாளர் தன் கைப்பேசி எண்ணைப் பலகையில் எழுதினாராம்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. டிடர்மினன்ட் என்றதும் விழிக்கும் பிள்ளையிடம் அணிக்கோவை என்று சொல்லிப் பாருங்கள், மளமளவென்று விரித்து எழுதுவாள். அவளுக்கு இல்லாதது கணித அடிப்படையா, ஒரு சொல்லா என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை சிவப்பு மைக்கு இருப்பதில்லை. குறைந்த ஊதியத்தில் எந்நேரமும் வேலை போகலாம் என்ற அச்சத்தோடு பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்களை நான் குறை சொல்ல வரவில்லை. தங்கள் கட்டுரையில் பேசியவர் அவர்களில் ஒருவராக இருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

என் வேண்டுகோள் மிகச் சிறியது. வரும் ஜூன் மாதம் கல்லூரி திறக்கும் முன்பாக, முதல் பருவக் கணிதத் தாள்கள் ஒவ்வொன்றுக்கும் பதினோராம் வகுப்பு நூலின் எந்தெந்தப் பாடங்களைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதை, ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லோடு, ஒரே பக்கத்தில் தங்கள் கல்விமலரில் வெளியிட வேண்டும். பட்டியலை நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம். கல்லூரி முதல்வர்கள் அந்தப் பக்கத்தை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும், குத்துவிளக்கு தேவையில்லை.

இக்கடிதம் நீண்டுவிட்டது என்பதை அறிவேன். இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால் என் பழைய மனக்குறைகளையெல்லாம் தாராளமாக வெட்டிவிடுங்கள். அந்தப் பெண் திண்ணையில் கூட்டிய ஒன்று, மூன்று, மூன்று, ஒன்றை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கட்டம் கட்டிப் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.