நெல்லிக்காய் வியாபாரமும் நான்கு பக்கக் குறிப்பும்

மதிப்பிற்குரிய பதிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் டேஷியல் ஹாமெட்டின் ‘மால்டீஸ் ஃபால்கன்’ துப்பறியும் நாவலைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஹாமெட் 1961இல் இறந்தார். நம் நாட்டுச் சட்டப்படி 60 ஆண்டு கழிந்து, 2022 முதல் யாரும் உரிமைத்தொகை கொடுக்காமல் அச்சிடலாம். அப்படி மிச்சமான பணத்தில் புத்தகத்தின் கடைசியில் நான்கு பக்கம் குறிப்புகளுக்கு ஒதுக்கக் கூடாதா என்று கேட்கத்தான் இந்த மடல்.

குறிப்பே இல்லை என்று சொன்னால் பாவம். ‘சான் பிரான்சிஸ்கோ: அமெரிக்காவில் உள்ள ஒரு நகரம்’ என்று அடிக்குறிப்பு போட்டிருக்கிறீர்கள். மிக்க நன்றி. ஆனால் துப்பறிவாளர் சாம் ஸ்பேட், வில்மர் என்ற பையனைச் சீண்டும் இடத்தில் “நெல்லிக்காய் வியாபாரத்தை விட்டு எத்தனை நாளாச்சு தம்பி?” என்று கேட்கிறாரே, அங்கே ஒரு குறிப்பும் இல்லை. துப்பாக்கியோடு திரிகிறவன் எதற்கு நெல்லிக்காய் விற்றான் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குமா தோன்றவில்லை? மூலத்தில் இருப்பது ‘கூஸ்பெரி லே’. கூஸ்பெரி நெல்லிக்காய்தான், ஆனால் திருடர் பேச்சில் ‘கூஸ்பெரி லே’ என்றால் கொடியில் காயும் துணியைத் திருடுவது. நம் ஊர் முடிச்சவிழ்க்கிக்கும் கீழே நிற்கிற சில்லறைத் திருட்டு. ‘துணி திருடுறதை விட்டாச்சா?’ என்பதுதான் ஸ்பேடின் நக்கல்.

இதே பேச்சுவழக்கை வைத்து ஹாமெட் தன் ஆசிரியரையே ஏமாற்றினார் என்று இன்னொரு துப்பறியும் கதை எழுத்தாளரான எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் ஒரு கதை சொல்லியிருக்கிறார். நாவல் முதலில் ‘பிளாக் மாஸ்க்’ இதழில் 1929இல் தொடங்கித் தொடராக வந்தது. ஆசிரியர் ஜோசப் ஷா கொச்சை என்று பட்டதையெல்லாம் வெட்டுகிறவர். ‘கூஸ்பெரி லே’ ஆபாசம் என்று பதறி அதில் கைவைத்தவர், வில்மரைக் குறிக்கும் ‘கன்செல்’ என்ற சொல்லை மட்டும் ‘கன்’ இருப்பதால் துப்பாக்கிக்காரன் என்று நினைத்து விட்டுவிட்டார். அது ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழியில் வாத்துக்குஞ்சைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த குழூஉக்குறி. மூத்த ஆண் ஒருவர் தன் ஆசைக்கு வைத்துக்கொண்டிருக்கும் பையன் என்று பொருள். 1941இல் கதை படமானபோது ஹாலிவுட் தணிக்கையையும் அது தாண்டிவிட்டது. நீங்களும் ‘துப்பாக்கிக்காரன்’ என்றே போட்டிருக்கிறீர்கள். ஷா விழுந்த பள்ளத்தில் இத்தனை ஆண்டு கழித்தும் அப்படியே விழ முடிகிறதே!

இதனால் போவது ஒரு சொல் மட்டுமல்ல. வில்மரைப் போலீஸிடம் பலி கொடு என்று ஸ்பேட் கேட்கும்போது, அவன் எனக்குச் சொந்த மகன் மாதிரி என்கிறார் அவனை அடியாளாக வைத்திருக்கும் கட்மன். ‘கன்செல்’ புரிந்தவருக்கு அந்தப் பேச்சில் இருக்கிற விஷம், தமிழில் படிக்கிறவருக்கு அப்பா பாசமாகவே போய்ச் சேர்கிறது.

காலக் குறிப்பும் அப்படித்தான். கதை 1928 டிசம்பரில் நடக்கிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. கொலை விசாரணைக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்களுக்கு ஸ்பேட் பக்கார்டி ரம் ஊற்றிக் கொடுக்கிறார். டண்டி என்ற அதிகாரி கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு சொட்டு உறிஞ்சுகிறார். மதுவிலக்கு என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். 1937இல் சேலத்திலேயே அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம், மீதியை நாங்களே பிடித்துக்கொள்வோம். முதல் நாள் ஸ்பேடிடம் உதவி கேட்டு வரும் பெண் நீட்டும் 200 டாலரும் அப்படியே. 1925இல் மலிவான ஃபோர்டு மாடல் டி கார் 260 டாலர். இது தெரியாமல், ‘உங்கள் கதையை நம்பவில்லை, 200 டாலரைத்தான் நம்பினோம்’ என்று ஸ்பேட் பிறகு சொல்வது எப்படிச் சுடும்?

வெளிநாட்டுச் சரக்கை விடுங்கள். அந்தக் காலத்தில் தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் ஆரணி குப்புசாமி முதலியாரையும் மறுபதிப்பு போடுகிறவர்கள் எத்தனை பேர் ஒரு ரூபாய்க்கு 16 அணா என்று சொல்கிறார்கள்? அட்டைக்கு மட்டும் பளபளப்புக் காகிதம். மொழிபெயர்ப்பாளர் பெயரைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும். ஜனவரி புத்தகக் காட்சிக்குள் முடித்துக் கொடு என்று விரட்டினால் அவர்தான் என்ன செய்வார்? அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

கோபத்தை விட்டு, கேட்க வந்ததைக் கேட்கிறேன். அடுத்த பதிப்பில் அந்த நான்கு பக்கத்தைத் தாருங்கள். அதை எழுதுகிறவருக்குத் தனியாக ஊதியமும் தாருங்கள். அடுத்து ரேமண்ட் சாண்ட்லரின் ‘பிக் ஸ்லீப்’ வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். சிகாகோவில் பிறந்து இங்கிலாந்தில் பள்ளிக்குப் போன அவரே அமெரிக்கப் பேச்சை அயல்மொழி போலக் கற்றுக்கொண்டவர். அதில் ‘சிகாகோ ஓவர்கோட்’ என்று ஒன்று வரும். குளிருக்குப் போடுகிற கோட்டு அல்ல ஐயா, சவப்பெட்டி. அச்சுக்குப் போகுமுன் தயவுசெய்து யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முழு விலை கொடுத்து வாங்கிய வாசகன்