மணலுக்குள் கிணறு இறக்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வடாற்காடு பிரியாமல் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், வேலூர்ப் பக்கம் பாலாற்றின் குறுக்கே நெடுஞ்சாலைப் பாலம் எழும்பியபோது கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். கிணறு என்று நாங்கள் சொல்வது தண்ணீர்க் கிணற்றை அல்ல, பாலத் தூணுக்கு அஸ்திவாரமாக மணலுக்குள் இறக்கும் வட்டச் சுவரை. திறப்பு விழாக் கல்வெட்டில் மந்திரி பெயர் இருக்கும், வின்ச் (கம்பிக்கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) ஓட்டியவர் பெயர் இருக்காது. அந்தக் குறையை ஒரு மடலால் தீர்த்துவிட முடியாதுதான். நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்பதையாவது விவரமாக எழுதிவைப்போம் என்று உட்கார்ந்தோம்.

முதல் நன்றி கரையோர ஊர்ப் பெரியவர்களுக்கு. ஆற்றின் உச்ச வெள்ள மட்டம் தெரியாமல் பாலத்தின் உயரத்தை முடிவு செய்ய முடியாது. அணைக்கட்டில் பதிவேடு இருந்தாலும், பாலம் வரப்போகிற இடத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும். 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடிய வெள்ளத்தைச் சிறுவயதில் பார்த்தவர்கள் அன்று சிலர் இருந்தார்கள். "தண்ணி இந்தப் படியை முழுங்கிடுச்சு" என்று அவர்கள் கைத்தடியால் தொட்டுக் காட்டிய இடமெல்லாம் டம்பி லெவல் என்ற மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி வைத்து அளக்கப்பட்டது. ஒருவர் காட்டியதை அடுத்தவரிடம் சொல்லாமல் தனித்தனியாகக் கேட்பதுதான் இதில் முறை. மூன்று அடையாளங்கள் அரையடிக்குள் ஒத்துப்போனால் எடுத்துக்கொள்ளலாம். ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் சுவரில் உள்ள அடையாளத்தை நம்பக் கூடாது. தண்ணீர் அங்கே மோதி ஏறியிருக்கும்.

ஊற்றுக்கால், அதாவது ஆற்றுமணலில் ஊறும் நீரைக் கொண்டுபோகும் கால்வாய், வெட்டிப் பாசனம் செய்த விவசாயிகளுக்கு அடுத்தது. பாலாறு மேலே வறண்டு கிடந்தாலும் அடியில் ஓடிக்கொண்டிருந்த ஆறு. எந்தப் பக்கம் ஊற்று வலுவாக இருக்கிறது, எந்தப் பக்கம் களிமண் அடுக்கு வருகிறது என்பதெல்லாம் துளைபோட்டுப் பார்ப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேலைக்காகக் கால்வாயைத் தள்ளி வெட்ட வேண்டும் என்றபோது சம்மதித்தார்களே, அந்தப் போகத்தில் அவர்களுக்கு நஷ்டம்தான்.

"மழைக்காலம் போனால் காய்ந்து கிடக்கிற ஆற்றுக்கு இவ்வளவு ஆழத்தில் அஸ்திவாரமா?" என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டே காட்டிவிடலாம். வெள்ளம் விநாடிக்கு 1 லட்சம் கன அடி என்றால் 2,832 கன மீட்டர். மணல் ஆறுகளுக்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் லேசி சூத்திரப்படி இதன் வர்க்கமூலத்தை 4.8 ஆல் பெருக்கினால் ஆற்றுக்கு வேண்டிய அகலம் வரும்: சுமார் 255 மீட்டர். அப்படியானால் ஒரு மீட்டர் அகலத்தில் 11.1 கன மீட்டர் ஓடுகிறது. மணலின் பருமன் 0.6 மி.மீ. என்று கொண்டால் வண்டல் எண் (மணலின் பருமனை வைத்துச் சூத்திரத்தில் போடும் எண்) 1.36. வெள்ள மட்டத்திலிருந்து சராசரி அரிப்பு 6 மீட்டர். தூணைச் சுற்றித் தண்ணீர் சுழன்று குடைவதால் அதை இரட்டிக்க வேண்டும், 12 மீட்டர். இன்னும் மூன்றில் ஒரு பங்கு பிடிமானம் சேர்த்தால் 16 மீட்டர். பாலம் 255 மீட்டரைவிட நீளமாக இருக்கலாம். ஆனால் வெள்ளம் ஆற்றின் முழு அகலத்திலும் சமமாக ஓடாது, ஒரு பக்கம் ஒதுங்கும். அதனால் இந்த ஆழத்தைக் குறைக்க எங்களுக்கு மனம் வராது. வெள்ளத்தின்போது தூணடி மணலும் சேர்ந்தே ஓடும், வடியும்போது அந்தப் பள்ளம் தானே மூடிக்கொள்ளும். மறுநாள் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் லட்சம் கன அடியைத் தாண்டி ஓடியதே, அந்த மாதிரி நாளுக்கான ஆழம் இது.

இனி கிணறு இறக்கியவர்கள். பாரம் தூக்கி நகர்த்தும் கலாசிகள், வின்ச் ஓட்டியவர்கள், கிராப் (மணலைக் கவ்வி அள்ளும் வாளி) பிடித்தவர்கள், மேஸ்திரிகள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதுதான் அதிகம்.

பொங்கல் கழிந்ததும் ஆற்றுமணலை மட்டம் செய்து, மண்ணை வெட்டி இறங்கும் கூர் விளிம்பான எஃகு கட்டிங் எட்ஜை வட்டமாக வைத்து, அதன்மேல் கர்ப் என்ற அடிவளையம், அதன்மேல் ஸ்டைனிங் என்ற கிணற்றுச் சுவர் என்று கட்டுவீர்கள். வெளி விட்டம் 6 மீட்டர், சுவர்க்கனம் 1 மீட்டர் உள்ள கிணறு என்றால் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 16 கன மீட்டர் கான்கிரீட், 38 டன் எடை. உள்ளே கிராப் இறக்கி மணலை அள்ள அள்ளக் கிணறு தன் எடையில் இறங்கும். மீட்டருக்கு 28 கன மீட்டர் அள்ளினால் போதும் என்பது காகிதக் கணக்கு. வெளியிலிருந்து மணல் சரிந்து உள்ளே வருவதால், அள்ளியது எப்போதும் அதைவிட அதிகம்.

முதல் நாலைந்து மீட்டர் விறுவிறுவென்று போகும். பிறகு மணல் சுவரை இறுக்கிப் பிடிக்கும். தண்ணீருக்குள் கான்கிரீட் எடை குறைந்துவிடுவதால், 38 டன்னில் 22 டன்தான் இறக்க உதவும். அப்போது தண்டவாளத் துண்டுகளையும் மணல் மூட்டைகளையும் மேலே அடுக்கி லோடு ஏற்ற வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்தால் எடை கூடி இறங்குமே என்று புதிதாக வந்தவர்களுக்குத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. உள்மட்டம் தாழ்ந்தால் வெளித் தண்ணீர் மணலோடு அடியிலிருந்து பொங்கிக்கொண்டு வரும், கிணறு ஒரே பாய்ச்சலில் சாயும். பம்பை நிறுத்தச் சொல்லிக் கத்திய மேஸ்திரிகளுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

சாய்வுக்கு வரம்பு 80க்கு 1. பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் அது வெறும் 15 சென்டிமீட்டர். சுவரில் நாலு திசையிலும் பெயின்ட் அளவுக்கோடு போட்டு, வேலை நடக்கும் ஒவ்வொரு வேளையும் மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுதியவர்களால்தான் சாய்வு சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டது. உயர்ந்து நிற்கும் பக்கத்தில் கிராப் போட்டு, லோடையும் அந்தப் பக்கமே தள்ளி வைத்தால் கிணறு நிமிரும். ஆழம் போன பிறகு அது அசையாது. இன்னொன்றையும் நீங்கள் விட்டுக்கொடுத்ததில்லை: சாய்ந்த கிணற்றின்மேல் அடுத்த அடுக்கு கட்டும்போது தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாகக் கட்டக் கூடாது, பழைய சுவரின் போக்கிலேயே கட்ட வேண்டும். நேராக்குகிறேன் என்று கட்டினால் கிணறு வாழைப்பழம்போல் வளைந்துவிடும். பிறகு நிமிர்த்தவும் முடியாது, இறக்கவும் முடியாது.

முக்குளித்தவர்களை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அடியில் பாறை ஒரு பக்கம் மட்டும் தட்டினால், கிராப் ஒன்றும் செய்யாது. கும்மிருட்டுக் கலங்கல் நீரில் இறங்கி, கட்டிங் எட்ஜைக் கையாலேயே தடவிக்கொண்டு சுற்றி வருவார்கள். எங்கே பாறை, எங்கே கட்டை, எங்கே விரல் நுழையும் இடைவெளி என்பதைக் கயிற்றை இழுத்துச் சொல்வார்கள். மேலே வந்து மூடிய கையை விரித்தால் உள்ளே ஒரு பிடி மண். அந்த ஒரு பிடியை வைத்துத்தான் இன்னும் தோண்டுவதா, அடியை அடைப்பதா என்று முடிவாகும்.

கிணற்றின் அடியைக் கான்கிரீட்டால் மூடும் அடியடைப்பு நாள் பெண்களின் நாள். ஒரு கிணற்றுக்கு சுமார் 40 கன மீட்டர் கான்கிரீட். பத்துக்கு ஏழு மிக்சரில் (பத்து கன அடி போட்டால் ஏழு கன அடி கலவை தரும் இயந்திரம்) ஒரு கலவை 0.2 கன மீட்டர்தான் வரும், ஆக 200 கலவை. கலவைக்கு 24 பாண்டு (இரும்புச் சட்டி) என்றால் கிட்டத்தட்ட 5,000 பாண்டு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் வரை நிற்காமல் கை மாறும். தண்ணீருக்கடியில் கான்கிரீட்டைக் கொண்டுபோய்க் கொட்டும் டிரெமி குழாயின் வாய் எப்போதும் புதுக் கான்கிரீட்டுக்குள் ஒரு மீட்டராவது புதைந்திருக்க வேண்டும். வரிசை கால் மணி நேரம் தடைபட்டால் குழாய் அடைக்கும், அடைப்பை எடுக்கத் தூக்கினால் தண்ணீர் புகுந்து சிமெண்டைக் கழுவிவிடும். அதற்காகவே சிமெண்ட் நூற்றுக்குப் பத்து கூடுதல். ஆண்களைவிடக் குறைந்த கூலியில் அந்த வரிசையை அறுபடாமல் காத்தீர்கள், அக்காமார்களே. அன்று அதை நியாயம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் நாங்களும்தான்.

அதற்குமேல் மணல் நிரப்புதல், கிணற்று மூடி, தூண், பேரிங், கர்டர், தளம். சென்ட்ரிங் ஆசாரிகள், கம்பி கட்டியவர்கள், கோணிச் சாக்கை நனைத்தபடியே வைத்திருந்த பையன்கள், தேநீர்க் கடைக்காரர், எல்லோருக்கும் நன்றி. அந்த வேலையைப் பாலத்தில் போகிறவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம், நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை.

கடைசியாக, தூணடியைப் படமெடுத்து அனுப்பிய விருதம்பட்டு, காட்பாடிப் பக்கத்து இளைஞர்களுக்கு. மணலுக்குள் இருக்க வேண்டிய கிணற்றுச் சுவர் வெளியே தெரிகிறது. ஆற்றுமணல் 3 மீட்டர் தாழ்ந்தால், வெள்ளம் வருவதற்கு முன்பே 3 மீட்டர் பிடிமானம் போய்விட்டது என்று பொருள். படத்தோடு ஒரு அளவும் சேர்த்துவிடுங்கள், தம்பிகளே: கிணற்று மூடியின் மேல் விளிம்பிலிருந்து மணல் வரை நூல்குண்டு விட்டு, ஓட்டம் வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் ஒன்று. தூண் எண்ணும் தேதியும் எழுதி நெடுஞ்சாலைத் துறைக்குக் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
பாலாற்றுப் பால வேலையில் இருந்த பழைய ஆட்கள்,
வேலூர்