முகாம் செய்தியை முந்தின நாளே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் சென்னைப் பக்கத்தில் நான் முதலில் தேடுவது ‘நாளைய மின்தடை’ பகுதியைத்தான். எங்கள் தெருவில் பலரும் அப்படித்தான். எந்தத் தெரு, எத்தனை மணிக்குப் போகும், எப்போது வரும் என்று முந்தின நாளே தெரிந்துவிடுகிறது. மாவு அரைப்பதும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவதும் அதைப் பார்த்துத்தான். அதே பக்கத்தில் கண் பரிசோதனை முகாம், மகளிர் சட்ட உதவி முகாம், சைபர் குற்ற விழிப்புணர்வுப் பேரணி என்று மக்களுக்குப் பயன்படும் செய்திகளும் வருகின்றன. ஆனால் அவையெல்லாம் நடந்து முடிந்த மறுநாள் வருகின்றன. தலைமை தாங்கியவர், கொடியசைத்தவர், கலந்துகொண்டவர் பெயர்களெல்லாம் இருக்கும். கண்ணில் புரை விழுந்து வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு முடிந்துபோன முகாமின் செய்தியால் என்ன பயன்? இதைக் கேட்கவே எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் வெளியூரில் இருப்பதால் தனியாகத்தான் இருக்கிறார். அவருக்கு ஒரு நாள் காலையில் வீடியோ அழைப்பு வந்திருக்கிறது. காக்கிச் சட்டை போட்ட ஒருவன், அவருடைய ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் போயிருக்கிறது, அவர் இப்போது ‘டிஜிட்டல் கைதில்’ இருக்கிறார், அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று மிரட்டியிருக்கிறான். அந்த அம்மா வங்கியில் போட்டுவைத்திருந்த பணத்தை எடுத்து அவன் சொன்ன கணக்குக்கு அனுப்பிவிட்டார். காலையில் மாட்டிய பால் பாக்கெட் சாயங்காலம் வரை கதவிலேயே தொங்குவதைப் பார்த்துத்தான் நாங்கள் தட்டினோம். கதவைத் திறந்தவர் கையில் போன், அதில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. “மெதுவாப் பேசுங்கம்மா, அவங்க கேட்டுட்டிருக்காங்க” என்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அன்று இரவு அங்கே கூடியிருந்த யாருக்கும் 1930 என்ற எண் தெரியாது. மறுநாள் காவல் நிலையத்தில்தான் அதைச் சொன்னார்கள். பணம் பறிபோனதும் அந்த எண்ணுக்குச் சொன்னால், அது எந்தக் கணக்குக்குப் போனது என்று பார்த்து, வங்கி வழியாக அதை நிறுத்திவைக்கும் ஏற்பாடு 2021 முதல் இருக்கிறது. மோசடிக்காரர்கள் ஒரு கணக்குக்கு வந்த பணத்தைப் பிரித்துப் பிரித்துப் பல கணக்குகளுக்கு மாற்றிவிடுவதால் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். எங்களுக்கு ஓர் இரவே போய்விட்டது. டிஜிட்டல் கைது என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது என்பதும் அந்த அம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனக்கு ஆறாதது வேறொன்று. அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் பக்கத்துச் சாலையில் கல்லூரிப் பிள்ளைகள் இதே விஷயத்துக்காகப் பதாகை பிடித்து வெயிலில் நடந்தார்கள். அது ஒரு நாளிதழில் படத்தோடு வந்தது. அந்த அம்மாவும் படித்திருக்கிறார். அந்தச் செய்தியில் 1930 என்ற நான்கு இலக்கம் எங்குமே இல்லை.

உதவிக்கு வழியில்லாத ஊரல்ல சென்னை. முதியோருக்கு 14567 இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை கட்டணமில்லாமல் பேசலாம். மனம் உடைந்திருப்பவர் எந்த நேரத்திலும் 14416-ஐ அழைக்கலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, தெருவில் மழைநீர் தேங்கினால் மாநகராட்சியின் 1913. இவை தேவைப்படுகிறவரிடம் போய்ச் சேரவில்லை என்பதுதான் குறை. எங்கள் மார்க்கெட்டில் கீரை விற்கும் பாட்டியை மகன்கள் யாரும் பார்த்துக்கொள்வதில்லை. பெற்றோர் பராமரிப்புக்கென 2007-இல் வந்த சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், மாதாமாதம் பணம் தரச் சொல்லி மகன்களுக்கு உத்தரவு போடுவார்கள் என்று சொன்னேன். “வக்கீலுக்குத் துட்டு எங்கம்மா போவேன்?” என்றார். அதற்கு வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. இதை அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

வாட்ஸ்அப்பில் எல்லாம் வந்துவிடுகிறதே என்பார்கள். வருகிறதுதான். போன வருஷத்து முகாம் இந்த வருஷமும் வருகிறது, மாறிப்போன எண்ணும் கூடவே வருகிறது. நம்பிப் போன வயதானவர்கள் பூட்டிய சமூகநலக்கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நாளிதழில் தேதி இருக்கிறது, விசாரித்துப் போடும் நிருபர் இருக்கிறார். உங்களைக் கேட்பது அதனால்தான்.

மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு, அண்ணா நகர் பக்கமெல்லாம் பேட்டைக்கென்றே வாரப் பத்திரிகைகள் பல வருஷமாக இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலம். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் டீக்கடை பெஞ்சில் கைமாறுவது தமிழ் நாளிதழ்தான். மின்தடை அறிவிப்புக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், ‘நாளைய முகாம்’ என்று ஓரிடம் ஒதுக்குங்கள். எந்தப் பள்ளி, எந்தத் தெரு வழியாகப் போவது, எத்தனை மணிக்கு, ரேஷன் கார்டா ஆதாரா, எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்று நாலு வரி போதும். துறைகள் முன்கூட்டியே சொல்வதில்லை என்று உங்கள் நிருபர்கள் சொல்லக்கூடும். நடப்பதற்கு இரண்டு நாள் முன்பே தகவல் வந்தால்தான் படம் போடுவோம் என்று நீங்கள் சொல்லிப்பாருங்கள், வரும் என்றே நம்புகிறேன். விழிப்புணர்வு நிகழ்ச்சி எதுவானாலும் செய்தியின் முதல் வரியிலேயே அதற்குரிய உதவி எண் இருக்கட்டும்.

இதில் அவசரமானது மழைக்காலம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் திறக்கப்பட்டபோது, அடையாற்றங்கரையில் இருந்த பலருக்கு வெள்ளம் வாசலுக்கு வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. 2023-இல் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. போனில் சேமித்துவைத்த எண்ணெல்லாம் போனோடு அணைந்துபோயின. ஆகவே அக்டோபர் பிறக்கும் முன்பே, எந்த வார்டுக்கு எந்தப் பள்ளி நிவாரண மையம், மண்டல அலுவலகத்தில் யாரை அழைப்பது, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகியவற்றை ஒரே பக்கத்தில், வெட்டிச் சுவரில் ஒட்டும்படி அச்சிட்டுத் தாருங்கள். எங்கள் வார்டு விவரங்களை நேரில் போய்ச் சரிபார்த்துக் கொடுக்க நானும் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தாரும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை - 11