‘வைஃபை பிடிக்காத போட்’ குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒரு சர்க்கியூட் போட்டின் படமும் ஒரு குரல் பதிவும் இரண்டு கிழமையாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். “முதலாம் குறுக்குத் தெருவில டிசைன் பண்ணிக் குடுக்கிற போட்டில வைஃபை பிடிக்காது, காசுதான் நட்டம்” என்கிறது அந்தக் குரல். கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் படத்தின் மூலையில் எங்கள் முத்திரை தெளிவாகத் தெரிகிறது. ஆகவே பதில் சொல்லவேண்டியவர்கள் நாங்கள்தான்.

அந்த போட் நாங்கள் வரைந்ததுதான், மறுக்கவில்லை. 40க்கு 40 மி.மீ. சதுரம். அதற்குள் ஒரு ஈஎஸ்பி32-வ்ரூம் மொடியூல் (வைஃபையும் போட்டின் மூளையும் சேர்ந்த சின்னத் தகடு), ஒரு ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்), வயர் பூட்டும் டெர்மினல், யூஎஸ்பி வாய் எல்லாம் அடங்கவேண்டும் என்று கேட்கப்பட்டது. மொடியூல் மட்டுமே 18க்கு 25.5 மி.மீ. அதன் தலைப்பக்கத்தில் வளைந்து வளைந்து ஓடும் செப்புக் கோடுதான் அன்டெனா. அதற்கு அடியில் போட்டின் எந்தப் படையிலும் செப்பு இருக்கக்கூடாது, சுற்றிவர 15 மி.மீ. வெறுமையாக விடவேண்டும், முடிந்தால் தலையை போட்டின் விளிம்புக்கு வெளியே நீட்டவேண்டும் என்று தயாரிப்பாளரான எஸ்பிரெசிஃப்பின் கையேடே சொல்கிறது. 40 மி.மீ. சதுரத்தில் அந்த 15 மி.மீ.க்கு எங்கே போவது? மொடியூல் நடுவுக்கு வந்தது, கிரவுண்ட் செப்பு (மின் திரும்பிப் போகும் அகன்ற செப்புப் பரப்பு) அன்டெனாவுக்கு அடியில் போனது. அப்படிப் போனால் அன்டெனாவின் இசைவு வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு விலகி, அனுப்பும் சக்தியில் பெரும்பகுதி வெளியே வராது. அந்தச் செப்பைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தவர்களும் உண்டு. கொஞ்சம் கூடும், தீராது.

இதை வரையும்போதே வாய்ச்சொல்லாகச் சொன்னோம். எழுத்தில் சொல்லி ஒப்பம் வாங்காதது எங்கள் பிழை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. போட்டைச் சின்னதாக்கினால் காசு மிச்சம் என்றுதான் 40 மி.மீ. கேட்கப்பட்டது. நாங்கள் அனுப்பும் தொழிற்சாலையில் இரண்டு படை போட்டுக்கு 100க்கு 100 மி.மீ. வரை ஒரே விலை. 40ஐ 60 ஆக்கியிருந்தால் ஒரு சதமும் கூடியிராது, அன்டெனாவும் மூச்சு விட்டிருக்கும்.

போதாக்குறைக்கு அது பூட்டப்பட்டது இரும்புப் பெட்டிக்குள். திருப்பிக் கொண்டுவந்தபோது வைஃபை சிக்னலின் பலத்தை எங்கள் மேசையில் வைத்தே டிபிஎம் அலகில் அளந்தோம்; மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம். மூடி திறந்திருக்க மைனஸ் 67 டிபிஎம், மூடியதும் மைனஸ் 88. மைனஸ் 80க்குக் கீழே போனால் எந்த போட்டும் அறுந்து அறுந்துதான் பேசும். இரும்புப் பெட்டிதான் வேண்டுமென்றால் வ்ரூம்-32யூ மொடியூலைப் போட்டு, அதன் சின்ன சொக்கட்டிலிருந்து வயர் எடுத்து அன்டெனாவைப் பெட்டிக்கு வெளியே பூட்டவேண்டும். வேறு வழி இல்லை. குரல் பதிவில் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

“தானாக ரீசெட் ஆகுது” என்ற இன்னொரு முறைப்பாடும் வருகிறது. அதில் பெரும்பாலும் குற்றவாளி பற்றரிதான். வைஃபை அனுப்பும் கணங்களில் ஈஎஸ்பி32 சுமார் 240 மில்லிஅம்பியர் இழுக்கும். குறைந்தது 500 கொடுக்கக்கூடிய மின்வழங்கல் இருக்கவேண்டும். நம் தெருவில் எங்கும் கிடைக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (வோல்ட்டைக் குறைத்து நிலையாகக் கொடுக்கும் சில்லு) தனக்கென்று ஒரு வோல்ட் அளவு விழுங்கிவிடும். யூஎஸ்பி 5 வோல்ட்டுக்கு அது போதும். 3.7 வோல்ட் லிதியம் பற்றரியைக் கொடுத்தால் மறுபக்கம் 2.7 கூடத் தேறாது, மொடியூலுக்கோ குறைந்தது 3.0 வேண்டும். போட் கணினிக்கு அனுப்பும் செய்திகளைக் காட்டும் சீரியல் திரையில் “பிரவுன்அவுட்” (வோல்ட் போதவில்லை) என்று வந்தால் புரோகிராமில் பிழை தேடி இரவை வீணாக்காதீர்கள். பற்றரியில் ஓடும் போட் என்று முதலிலேயே சொன்னால், குறைவாக விழுங்கும் ரெகுலேட்டரைப் போட்டு, மொடியூலின் மின் காலுக்குப் பக்கத்திலேயே 10 மைக்ரோஃபரட் கபாசிட்டர் ஒன்றும் 0.1 ஒன்றும் வைத்துத் தருவோம்.

எதை மொடியூலின் எந்தக் காலில், அதாவது எந்தப் பின்னில், கொடுப்பது என்பதிலும் கொஞ்சம் கவனியுங்கள். 6 முதல் 11 வரையான பின்கள் உள்ளே ஃபிளாஷுக்கு (புரோகிராம் இருக்கும் நினைவகம்) போனவை, தொடவேண்டாம். 12ஆம் பின் மின் ஏறும்போது உயர்ந்திருந்தால் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் போய் போட் எழும்பாது. அதில் புல்-அப் (பின்னை மேல் வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் தடை) உள்ள ரிலேயை மாட்டிவிட்டு மொடியூல் பழுது என்று கொண்டுவருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது. சென்சரின் வோல்ட்டை அளக்கும் இரண்டு பகுதிகளில் ஒன்றான ஏடிசி2, வைஃபை ஓடும்போது அளவெடுக்காது. சென்சரை மற்றப் பகுதிக்குரிய 32 முதல் 39 வரையான பின்களில் கொடுங்கள்.

இனிமேல் பெட்டி எதனால் ஆனது, மின் எங்கிருந்து வருகிறது, போட் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாகலாம், எந்தப் பின்னில் என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதி ஒப்பமிட்டுத் தந்த பிறகே வரையத் தொடங்குவோம். வரைந்ததையும் உங்களுக்குக் காட்டி ஒப்பம் வாங்கியபின்தான் தொழிற்சாலைக்கு அனுப்புவோம். இதனால் நாள் கூடும். டிசைன் கட்டணம் அடுத்த மாதத்திலிருந்து 6,500 ரூபாவிலிருந்து 9,000 ரூபா ஆகிறது. டொலர் விலையும் 18 சதவீத வற் வரியும் உங்களுக்குத் தெரியாததல்ல.

2022இல் சாமான் ஒன்றும் இறங்காத மாதங்களில் முற்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் காத்திருந்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டு நம்பி இருப்பவர்களுக்கும், கடைசி ஆண்டு புரொஜெக்டுக்கு வருடா வருடம் தம்பி தங்கைகளை எங்களிடம் அனுப்பிவைக்கும் மொறட்டுவை மாணவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. குரல் பதிவு அனுப்பிய தம்பியும் வரலாம். 60 மி.மீ. போட் ஒன்றை டிசைன் கட்டணம் இல்லாமல் வரைந்து தருகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
முதலாம் குறுக்குத் தெரு, கொழும்பு 11

பி.கு.: சென்ற மாதம் வாங்கிய பச்சை நிற போட்களில் சிலவற்றில் ஈஎன் காலில் (மொடியூலை எழுப்பும் கால்) இருக்கவேண்டிய 1 மைக்ரோஃபரட் கபாசிட்டர் விடுபட்டிருக்கிறது. மின் கொடுத்ததும் எழும்பாமல், ரீசெட் பட்டனை அழுத்தினால் மட்டும் எழும்பினால் அதுதான். கொண்டுவாருங்கள், நின்ற நிலையில் பூட்டித் தருவோம். போயா தினங்களில் கடை பூட்டு.